சாமி கிரீடம் குப்பைக்குப் போகக்கூடாது



பங்குனி உத்திரம், ஆடித் திருவிழா, கும்பாபிஷேகம்னு எது வந்தாலும் நம்ம ஜொகூர் கோயில்கள்ல மலர் அடிக்கிறோம். உபயதாரர் கொடுக்கிற ஒவ்வொரு ரிங்கிட்டும் சாமி காசு. ஆனா சில மலரைக் கையில எடுத்தா மனசு வலிக்குது. அம்மன் கிரீடம் பாதி இல்ல. உபயதாரர் பேருல கடைசி எழுத்து இல்ல. உடனே பிரிண்டிங் கடைக்காரரைத் திட்டுறோம். எங்க கருத்து வேற. பெரும்பாலும் குறை கடைக்குப் போற ஃபைல்லதான் இருக்கு.

பாசிர் கூடாங் பக்கம் தொழிற்சாலைகள்ல வேலை பார்க்கிற நமக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். எந்த மெஷினும் ஒரு மயிரிழைகூட விலகாம வெட்டாது. தாளைக் கட்டுக் கட்டா அடுக்கிக் கத்தியை இறக்கும்போது ஒரு மில்லிமீட்டர் நகரத்தான் செய்யும். அதனாலதான் பின்னணிப் படத்தை நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே இழுத்து விடணும். ஏ5 மலர்னா அளவு 148க்கு 210. ஃபைல் 154க்கு 216 இருக்கணும். சாமி முகம், கிரீடம், பேரு, போன் நம்பர் எல்லாம் வெட்டுக் கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போடாதீங்க. கொஞ்சம் நகர்ந்தாலும் கோணலாத் தெரியும்.

வாட்சாப்புல வந்த படம் வேண்டாம், அனுப்பும்போதே அது சுருங்கிடும். முழுப் பக்கப் படத்துக்குச் சுமார் 1,820க்கு 2,550 பிக்சல் வேணும். நடுவுல ஸ்டேப்பிள் அடிக்கிற புத்தகம்னா பக்கம் நாலின் மடங்கா இருக்கணும். 30 பக்கம் வராது, 32 ஆக்குங்க. எழுத்துருவை பிடிஎஃப்லேயே சேர்த்துக் கொடுங்க. இல்லைனா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு தமிழ் உடைஞ்சு நிற்கும்.

"இதெல்லாம் சின்ன விஷயம், சாமி கோவிச்சுக்க மாட்டார்"னு சிலர் சொல்றாங்க. கோவிச்சுக்க மாட்டார்தான். ஆனா வெட்டுப்பட்ட அந்தத் துண்டு எங்கே போகுது? கடைத் தரையில காலடியில கிடந்து, குப்பை மூட்டைக்குப் போகுது. சாமி படம் போட்ட காலண்டரைக்கூட நாம கண்ட இடத்துல வீசுறதில்லையே!

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849-இல் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்து சைவ நூல்களை அச்சிட்டார். நாவலர் பதிப்புன்னாலே பிழை இருக்காதுன்னு இன்னைக்கும் பேரு. அச்சு வேலையும் திருத்தொண்டுதான்னு அவர் செஞ்சு காட்டினார்.

அதனால நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரம் வாங்குறதை இரண்டு வாரம் முன்னாடியே முடிச்சிடுங்க. மாதிரிப் பிரதி ஒன்னு அடிச்சு, ஸ்கேல் வச்சு அளந்து, தமிழ் நல்லாத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் படிச்ச பிறகு கையெழுத்துப் போடுங்க. கடைசி ராத்திரி வர்ற விளம்பரத்தை, யாரு கொடுத்தாலும், அடுத்த வருஷத்துக்குன்னு பணிவாச் சொல்லிடுங்க.

முருகா சரணம்.