கொடுத்தவர் யார் என்றும் கேட்க வேண்டும்

வளரும் நாடுகளில் அணை, சாலை, மின்நிலையம் போன்ற பெரும் பணிகளுக்குச் சர்வதேச ஒப்பந்தப்புள்ளி கோரப்படும்போதெல்லாம் ‘வெளிப்படைத்தன்மை’ குறித்த போதனைகள் தொடங்கிவிடுகின்றன. ஊழல் என்பது ஏழை நாடுகளின் பிறவிக்குணம் என்பதே அப்போதனைகளின் உட்பொருள். அதைப் பொய்யாக்கிய நாடு, சுமார் இருபது லட்சம் மக்களே வாழும் லெசோத்தோ.

நிறவெறி ஆட்சியின் கீழிருந்த தென்னாப்பிரிக்காவுடன் 1986இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, லெசோத்தோவின் மலைநீர் ஜோகன்னஸ்பர்க் பகுதிக்குத் திருப்பப்பட்டது. 185 மீட்டர் உயரமுள்ள கட்சே அணை அதற்காகவே எழுந்தது. திட்டத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த மசுபா சோலே, வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து சுவிஸ் வங்கிக் கணக்குகள் வழியாக லஞ்சம் பெற்றது நீதிமன்றத்தில் நிரூபணமானது. 2002இல் விதிக்கப்பட்ட 18 ஆண்டுச் சிறைத்தண்டனை மேல்முறையீட்டில் 15 ஆண்டுகளாயிற்று.

லெசோத்தோ அத்துடன் நிற்கவில்லை. லஞ்சம் கொடுத்தவர்களையும் கூண்டில் ஏற்றியது. கனடாவின் ஏக்ரஸ் நிறுவனம் 2002இலும், ஜெர்மனியின் லாமேயர் நிறுவனம் 2003இலும் குற்றவாளிகளெனத் தீர்ப்பளிக்கப்பட்டன. இடைத்தரகருக்கு அளித்தது முறையான முகவர் கட்டணமே என்ற ஏக்ரஸின் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. உலக வங்கியோ 2004இல்தான் அந்நிறுவனத்துக்குத் தடை விதித்தது. அதுவும் மூன்றே ஆண்டுகளுக்கு! வாங்கியவருக்குப் பதினைந்து ஆண்டுச் சிறை. கொடுத்த மூலதனத்துக்கு மூன்றாண்டு ஓய்வு. இதுதான் அவர்கள் பேசும் நல்லாட்சி.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. இங்கே லஞ்சத்துக்கே சட்டத்தின் போர்வை போர்த்தப்பட்டது. உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தபின் வெளியான பட்டியலில், அரசுப் பணிகளை எடுத்துச் செய்யும் கட்டுமான நிறுவனங்கள் முன்வரிசையில் நின்றன. மறுபுறம், மிகக்குறைந்த விலை கேட்டவருக்கே பணி என்ற விதியின் சுமை யார் தலையில் விழுகிறது? விலையைக் குறைத்தவர் லாபத்தைக் குறைப்பதில்லை. துணை ஒப்பந்தங்கள் அடுக்கடுக்காக நீள, கடைசிப் படியில் நிற்கும் புலம்பெயர் தொழிலாளியின் கூலியும் பாதுகாப்பும்தான் வெட்டப்படுகின்றன.

எனவே, ஒப்பந்தப்புள்ளியை இணையவழியில் திறப்பது மட்டும் போதாது. முகவர் கட்டணம், துணை ஒப்பந்தம், பின்னர் உயர்த்தப்படும் மதிப்பீடு ஆகிய அனைத்தும் மக்கள் பார்வைக்கு வரவேண்டும். சட்டப்படியான கூலியை உறுதிசெய்யாத ஒப்பந்தப்புள்ளி தொடக்கத்திலேயே நிராகரிக்கப்பட வேண்டும். சின்னஞ்சிறு லெசோத்தோவுக்கு இருந்த துணிவு, இத்தனை பெரிய நாட்டின் ஆட்சியாளர்களுக்குத் தானாக வந்துவிடாது. மக்களின் போராட்டமே அதை வரவழைக்கும்.