பெண் இன்ஸ்பெக்டருக்கும் ஆள் கிடைக்கவில்லையா?

இரண்டு பெண்களை நாயகிகளாகப் போட்டு ஒரு படம் எடுக்கிறீர்கள். அதில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வருகிறார். அந்த வேடத்துக்குத் தமிழ்நாடு முழுக்கத் தேடியும் ஒரு பெண் அகப்படவில்லை என்று ஆனந்தராஜுக்கே வேஷம் கட்டிவிட்டீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

2019 ஆகஸ்டில் வந்த ‘ஜாக்பாட்’ படத்தைத்தான் சொல்கிறேன். இத்தனை வருஷம் கழித்து இப்போது என்ன என்று கேட்பீர்கள். டி.வி.யில் போடும்போதெல்லாம் வயிறு எரிகிறதே, நான் என்ன செய்ய?

கோட்டாறு கம்போளத்தில் மல்லி, மிளகு, சுக்கு விற்கிறவள் நான். படம் வந்தபோது கடைக்காரப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போனோம். ஆசைப்பட்டுப் போனதற்குக் காரணம் இருந்தது. ரேவதியும் ஜோதிகாவும் ஊரை ஏய்த்துப் பிழைக்கிற ஜோடியாம். அட்சய பாத்திரத்தைத் தேடி அலைகிறார்களாம். 1994-ல் வந்த ‘மகளிர் மட்டும்’ படத்தில் ஊர்வசி, ரோகிணியோடு சேர்ந்து ரேவதி அடித்த கூத்தைப் பார்த்து வளர்ந்த கூட்டம் நாங்கள். அதே பெயரில் 2017-ல் வந்த படத்தில் ஜோதிகாவையும் ரசித்தோம். சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள்தான் இரண்டு பேரும். கேட்கவா வேண்டும் என்று நம்பிப் போனோம்.

நடந்தது என்ன? கதாநாயகனுக்கென்று தைத்து வைத்திருந்த சட்டையை எடுத்து இவர்களுக்கு மாட்டிவிட்டார்கள். மெதுவாக நடந்து வருகிறார்கள், அடியாட்களைப் பறக்கவிடுகிறார்கள், பஞ்ச் வசனம் பேசுகிறார்கள். சிரிப்பு மட்டும் ஆனந்தராஜுக்கும் மொட்டை ராஜேந்திரனுக்கும் யோகி பாபுவுக்கும் போய்விட்டது. என் பக்கத்தில் இருந்த முறுக்குக் கடைக்காரி பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: “எக்கா, எதுக்கு இப்பிடி பறந்து பறந்து அடிக்கா? ரெண்டுபேரும் உக்காந்து நாலு வார்த்த பேசிச் சிரிக்கப்பிடாதா?”

அவள் கேட்டதுதான் விமர்சனம். இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எப்படிக் கிண்டல் செய்வார்கள், எதற்குச் சண்டை போடுவார்கள், எந்த நேரத்தில் விட்டுக்கொடுப்பார்கள் என்பதை எழுத யாருக்கும் நேரமில்லை. ஆனந்தராஜ் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் கெட்டிக்கார நடிகர், நானும் சிரித்தேன். ஆனால் ஆம்பிளை ஒருவர் பெண் வேஷத்தில் வந்தாலே சிரிப்பு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள், பெண் பேசினால் சிரிப்பு வரும் என்று நம்பவில்லையே, அதுதான் சுடுகிறது.

பெண் போலீஸ் என்றால் சினிமாவுக்கு இரண்டே அச்சு. ஒன்று, விஜயசாந்தியின் ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ மாதிரி நெருப்பாக எரிய வேண்டும். இல்லாவிட்டால் கேலிப்பொருள். நடுவில் ரத்தமும் சதையுமாக ஒருத்தி இருப்பது கண்ணில் படாதா? எங்கள் ஊர் திருவிதாங்கூரோடு இருந்த காலத்திலேயே, 1933-ல், அந்த அரசாங்கம் பெண்களைப் போலீஸில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 1973-ல் சேர்த்தார்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. லத்திகா சரண் 2006-ல் சென்னை கமிஷனர், 2010-ல் டி.ஜி.பி. இவ்வளவும் நடந்து முடிந்த நாட்டில்தான் ஆம்பிளைக்குப் பெண் இன்ஸ்பெக்டர் வேஷம்!

எங்கள் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். டிசம்பர் 3-ஆம் தேதி நெருங்க நெருங்கக் கூட்டம் நெரியும். பந்தோபஸ்துக்கு நின்ற இரண்டு பெண் போலீஸை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு பையன் நடுவழியில் பைக்கை நிறுத்திவிட்டு அசைய மாட்டேன் என்கிறான். சின்னவள் லைசென்ஸ் எடு, வண்டியை எடு என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். ஏட்டம்மா பக்கத்தில் வந்து மெதுவாக, “மக்களே, அம்மைக்க நம்பரச் சொல்லு, நான் பேசிக்கிடுதேன்” என்றார். பைக் போன இடம் தெரியவில்லை. “எக்கா, இத முதல்லயே சொல்லப்பிடாதா? எனக்க தொண்ட போச்சே!” என்றாள் சின்னவள். “நீ கத்துனதுக்குப் பொறவுதான் பிள்ளே அது செல்லும்” என்று ஏட்டம்மா ஒரு டீயை இரண்டாகப் பங்கு வைத்தார். ஒரு பைசா செலவில்லாமல் முழுசாக ஒரு காட்சி. இதை எழுத ஆளில்லையா?

சினிமாவுக்கே தெரியாத வித்தையா இது? கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இங்கே பக்கத்து ஒழுகினசேரிக்காரர். அவரும் டி.ஏ.மதுரமும் ஜோடியாக வந்தால் மதுரம் சும்மா நின்று சிரித்துக்கொண்டா இருந்தார்? வாய்க்கு வாய் பதில் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த இடம், இந்தக் காலத்தில் இரண்டு நாயகிகள் இருந்தும் கிடைக்கவில்லை.

ஹாலிவுட்டும் இதில் யோக்கியமில்லை. 2013-ல் ‘தி ஹீட்’ படத்தில் சாண்ட்ரா புல்லக்கையும் மெலிசா மெக்கார்த்தியையும் வாயாட விட்டார்கள், ஜனம் அள்ளியது. இரண்டே வருஷத்தில் ‘ஹாட் பர்சூட்’ என்று ஒன்று வந்தது. ரீஸ் விதர்ஸ்பூன் போலீஸ், சோஃபியா வெர்காரா அவர் காவலில் போகிறவர். போலீஸ்காரி குட்டை, மற்றவளுக்கு வயசு கூட என்று திரும்பத் திரும்ப அதே நக்கல். உயரத்தையும் வயசையும் விட்டால் பெண்ணிடம் சிரிக்க வேறொன்றும் இல்லையா?

எல்லாவற்றையும்விட ஆறாத குமுறல் ஒன்று உண்டு. இப்படி ஒரு படம் ஏமாற்றினால், உடனே “பொம்பளைப் படம் போணியாகாது” என்கிறார்கள். ஆம்பிளைகள் நடித்த காமெடிப் படம் வாரத்துக்கு ஒன்று படுக்கிறது. ஆம்பிளைப் படம் போணியாகாது என்று இதுவரை ஒரு வாயாவது சொன்னதுண்டா? கதையை எழுதாமல் விட்டது நீங்கள், பழி எங்களுக்கா?

எங்களுக்கு ஹீரோ நடை வேண்டாம், பஞ்ச் வசனம் வேண்டாம். வசனம் எழுதுமுன் ஒரு நாள் மகளிர் காவல் நிலையத் திண்ணையில் போய் உட்காருங்கள். சிரிப்பைப் பெண்கள் வாயில் கொடுங்கள். அடுத்த படத்தில் பெண் இன்ஸ்பெக்டர் வந்தால், தயவுசெய்து, அந்த வேடத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுங்கள்.