சொல்லின் வேரும் மாணவரின் சுமையும்

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்குள் நுழையும் மாணவரை முதலில் மிரட்டுவது பாடம் அன்று. பாடத்தைச் சுமந்துவரும் ஆங்கிலச் சொற்களே. அச்சொற்களுக்கு நாம் பொருள் சொல்லித் தருகிறோம்; எழுத்துக்கூட்டும் சொல்லித் தருகிறோம். அவை எங்கே பிறந்தன, எவ்வழி நடந்து வந்தன என்பதை மட்டும் சொல்வதில்லை. நெட்டுருவுக்கு வழிவகுப்பது இந்த மௌனமே என்பது நம் கருத்து.

'ஸ்கூல்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இது இலத்தீனின் வழியே வந்த கிரேக்கச் சொல். மூலமான 'ஸ்கோலே' குறித்தது ஓய்வை. பிழைப்புக்கான உழைப்பிலிருந்து விடுபட்ட பொழுதுக்கு வழங்கிய பெயர், அப்பொழுதில் நிகழ்ந்த கற்றலுக்கும், பின்னர் கற்கும் இடத்துக்கும் ஆகிவந்தது. 'ஸ்டடி' என்பதன் மூலமான 'ஸ்டூடியம்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஆர்வம், ஊக்கம் என்பன பொருள். ஆக, 'ஸ்டூடண்ட்' என்பவர் வேட்கை கொண்டவர். விடியலில் ஒரு தனிப்பயிற்சி, இரவில் மற்றொன்று என்று பிள்ளைகளை விரட்டும் நமக்கு இவ்விரு சொற்களும் எதையோ நினைவூட்டவில்லையா?

இயற்கையைக் குறிக்கும் 'நேச்சர்' என்பதன் வேர், பிறத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினை. 'பிசிக்ஸ்' என்பதன் அடியிலுள்ள கிரேக்கச் சொல்லோ முளைத்தல், வளர்தல் என்னும் வினையிலிருந்து கிளைத்தது. சூத்திரங்களின் துறையென்று நாம் அஞ்சும் ஒன்றின் பெயருக்குள் ஒரு முளைவிதை கிடக்கிறது! 'எகாலஜி' என்ற சொல்லை 1866-இல் ஆக்கியவர் ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கல். வீடு எனப் பொருள்படும் 'ஓய்கோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே அதன் முதற்பகுதி. 'எகானமி' என்பதும் அவ்வீட்டிலிருந்து வந்ததே. ஒன்று வீட்டைப் பற்றிய அறிவு, மற்றது வீட்டின் நிருவாகம். வீட்டை அறியாமலேயே நிருவகிக்கப் புகுந்தால் என்னவாகும் என்பதை ஓர் ஆசிரியர் இவ்விரு சொற்களைக் கொண்டே விளக்கிவிடலாம். சூழலியல், பொருளியல் என்னும் நம் கலைச்சொற்கள் கருத்தைச் செம்மையாகவே தருகின்றன. எனினும் இந்த உடன்பிறப்பு உறவு அவற்றில் தெரிவதில்லை. அதனால் மூலக்கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒலி ஒத்திருந்தாலே போதும், உலகச் சொற்கள் யாவும் தமிழிலிருந்து சென்றவை என்று கூறும் பழக்கம் நம்மிடையே உண்டு. இது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. ஆங்கிலேயரும் இத்தகைய மயக்கத்துக்கு விலை கொடுத்திருக்கிறார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். அதில் 'எஸ்' என்னும் எழுத்து இல்லை. இலத்தீன் 'இன்சுலா'வின் வழிவந்த 'ஐல்' என்னும் சொல்லோடு அதனை உறவுபடுத்தி, பிற்காலத்தார் அவ்வெழுத்தை நுழைத்துவிட்டனர். ஒலிக்காத அந்த எழுத்தை நம் பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மெய்யான உறவுகள் நமக்கு இல்லாமலில்லை. 'கட்டமரான்' நம் கட்டுமரமே. 'காசு' இன்னும் சுவையானது. கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் இன்றைய 'கேஷ்', பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ஆனால் கீழை நாடுகளின் சிறுநாணயத்துக்கு ஐரோப்பியர் வழங்கிய 'கேஷ்' என்னும் பெயர், போர்த்துகீசியரின் வாய்வழிச் சென்ற நம் காசு. ஒரே வடிவம், இரு பிறப்பு! ஒலியை மட்டும் நம்பியிருந்தால் இதனை நாம் பிரித்தறிந்திருக்க இயலுமா?

உறவில்லாத இடத்திலும் ஒப்புமை இன்பம் தரும். துயிலிடத்தையும் படுக்கையையும் குறித்த 'பள்ளி' என்னும் தமிழ்ச்சொல், சமணத் துறவியரின் உறைவிடத்துக்குப் பெயராகிப் பின்னர் கல்விக்கூடத்துக்கு உரியதாயிற்று. கிரேக்கரின் ஓய்வுக்கும் நம் பள்ளிக்கும் சொல்லுறவு ஏதுமில்லை. இரு மக்களும் கல்வியை ஆரவாரமற்ற இடத்தோடும் பொழுதோடும் சேர்த்தார்கள் என்பதே நாம் எண்ணிப்பார்க்கத் தக்கது.

ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. புதிய கலைச்சொல் வரும்போதெல்லாம், சான்றுள்ள அகராதி ஒன்றைப் பார்த்து, அதன் பிறப்பை இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். வேரை அறிந்துவிட்டால் துறையே விளங்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், அந்நியமாய் நின்ற சொல் அறிமுகமானதாகிவிடும். அச்சம் விலகிய பின்புதானே கற்றல் தொடங்குகிறது?