டில்லர் வாங்குமுன் கல்லாப் பெட்டியைக் கேளுங்கள்



சில்லறைக் கடைக்காரர் எப்படி இருக்கிறார் என்பதை மண்டிக்காரன் அவர் கொடுக்கும் சரக்குச் சிட்டையிலேயே தெரிந்து கொள்வான். செஞ்சிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் இருபது வருடமாக என்னிடம் கொள்முதல் செய்கிறார். வாரம் பத்து மூட்டை அரிசி, இரண்டு மூட்டை சர்க்கரை, எண்ணெய், பருப்பு என்று சிட்டை நிறைந்திருக்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் அரிசி நான்கு மூட்டையாகக் குறைந்தது. சர்க்கரை அடியோடு நின்றது.

“என்னப்பா, ஊரில் போட்டிக் கடை வந்துவிட்டதா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்லை முதலாளி. டில்லர் வாங்கிட்டேன். கைமுதல் கொஞ்சம் அதுல மாட்டிக்கிட்டுது” என்றார்.

நம் சங்க உறுப்பினர்களில் பலருக்கு ஊரில் இரண்டு ஏக்கரோ மூன்று ஏக்கரோ நிலம் உண்டு. பவர் டில்லர் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களும் அதிகமாகிவிட்டார்கள். இயந்திரத்தைப் பற்றி விற்பனையாளர் சொல்லுவார், மானியத்தைப் பற்றி அதிகாரி சொல்லுவார். கடையின் கைமுதலைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

தேவை உண்மையானதே

வியாபாரிக்கு எதற்கு உழவு இயந்திரம் என்று சில பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. இரண்டு ஏக்கருக்காக ஒரு ஜோடி ஏர் மாட்டை வருடம் முழுவதும் கட்டித் தீனி போட இன்று யாராலும் முடியாது. டிராக்டர்காரர் முதலில் பெரிய நிலத்துக்குத்தான் போவார். நம் துண்டுக் கழனிக்கு வந்தாலும் திரும்ப இடமில்லாமல் மூலைகளை விட்டுவிட்டுப் போவார், வரப்பையும் மிதித்துவிடுவார். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலவுடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. பின்னால் நடந்து ஓட்டும் இயந்திரத்துக்கு இங்கே வேலை இருக்கிறது.

இது ஜப்பானியரின் சிறு நெல் வயல்களில் பெயர் வாங்கிய இயந்திரம். நம் நாட்டில் 1967-இல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. டில்லர்ஸ் நிறுவனம் மிட்சுபிஷியின் கூட்டுறவோடு இதைத் தயாரித்தது. கேரள அரசின் காம்கோ நிறுவனம் 1973-இல் தொடங்கி, குபோட்டா தொழில்நுட்பத்தில் டில்லர் செய்தது. ஆகவே இது நேற்று வந்த புதுமைச் சரக்கு அல்ல. நல்லதும் கெட்டதும் பார்த்தாகிவிட்ட சரக்கு.

ஒரு ஏக்கருக்கு எவ்வளவு நடை?

12, 13 குதிரைச் சக்தி டில்லர் ஒரு தடவையில் சுமார் 60 சென்டிமீட்டர் அகலம் உழும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒரு ஏக்கரை ஒரு சால் உழ, இயந்திரத்தின் பின்னால் ஏறக்குறைய ஆறே முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போனால், திருப்பத்தையும் சேர்த்து நான்கு மணி நேரம். இரண்டு சால் என்றால் பதின்மூன்றரை கிலோமீட்டர், எட்டு மணி நேரம். சுமார் 400 கிலோ எடையுள்ள இரும்பை, கைப்பிடி அதிர அதிர, சேற்றில் திருப்பித் திருப்பி நடத்த வேண்டும். காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு ஒன்பதுக்குக் கல்லாவை மூடுகிறவர் இதைத் தாமே செய்துவிடலாம் என்று எண்ணினால், முதல் வாரத்திலேயே புரிந்துவிடும். கடையையும் கைப்பிடியையும் ஒரே ஆள் பிடிக்க முடியாது. ஓட்டுவதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும்.

இப்போது பணக் கணக்கு. மானியம் போகக் கையிலிருந்து 1,20,000 ரூபாய் இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். இதே பணம் கடையில் சரக்காக இருந்து மாதம் ஒரு முறை புரண்டு, எல்லாச் செலவும் போக நூற்றுக்கு இரண்டு ரூபாய் நின்றாலும் மாதம் 2,400 ரூபாய், வருடம் 28,800 ரூபாய். பணத்தை இரும்பில் போட்டதால் நாம் விட்டுக் கொடுக்கும் வருமானம் இது. டில்லர் பத்து வருடம் உழைக்கும் என்றால் தேய்மானம் வருடம் 12,000. பெல்ட், கத்தி, ஆயில், பழுது என்று 8,000 வையுங்கள். மொத்தம் 48,800 ரூபாய்.

மணிக்கு வாடகை 400 ரூபாய், டீசல் 150, ஓட்டுபவர் கூலி 100 என்றால் நிற்பது 150. (உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்.) 48,800-ஐ 150-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 325 மணி நேரம் வண்டி ஓட வேண்டும். நம்முடைய மூன்று ஏக்கருக்கு இரு போகம், போகத்துக்கு இரண்டு சால் என்று பார்த்தால் 48 மணி நேரம்தான். மீதி 277 மணி நேரத்தை அடுத்தவர் நிலத்தில் ஓட்ட வேண்டும். நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் முப்பத்தைந்து நாள்.

முப்பத்தைந்து நாள் பெரிதா என்று கேட்கலாம். மழை எல்லாருக்கும் ஒரே நாளில்தான் பெய்கிறது. ஈரம் காயும் முன் எல்லாரும் ஒரே வாரத்தில் கூப்பிடுவார்கள், அந்த வாரம் வண்டி போதாது. அடுத்த மாதம் வண்டி கொட்டகையில் நிற்கும்.

கழனியும் கொல்லையும் ஒன்றல்ல

நம் பக்கத்து மண்ணையும் பார்க்க வேண்டும். ஏரிப் பாசனக் கழனியிலும் கிணற்றுக் கழனியிலும் கேஜ் வீல் மாட்டிச் சேறு கலக்குவதற்கு டில்லரைப் போல வசதி வேறு இல்லை. சிறு வரப்புக்குள் நின்று திரும்பும், மூலை முடுக்கு விடாது. மலையடிவாரத்து மானாவாரிக் கொல்லை வேறு மாதிரி. செம்மண்ணும் பரல் கல்லும் கலந்த நிலத்தில் சுழலும் கத்தி சீக்கிரம் தேயும். மணிலாவுக்கு ஆழ உழ வேண்டிய இடத்தில் டில்லர் மேல் மண்ணைத்தான் பொடியாக்கும். அங்கே கோடை உழவுக்கு டிராக்டரை வாடகைக்குக் கூப்பிடுவதே லாபம். நிலம் முழுவதும் மானாவாரிக் கொல்லையாக உள்ளவர் டில்லர் ஆசையை விட்டுவிடலாம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. களை எடுப்பதற்கென்று வரும் சிறு பவர் வீடரைச் சிலர் டில்லர் என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். எடை குறைவு, விலையும் குறைவு. கரும்புக்கும் பூச்செடிக்கும் இடையில் களை எடுக்க நல்ல கருவிதான். இறுகிப் போன தரிசில் இறக்கினால் மண்ணைக் கிழிக்காமல் மேலே துள்ளும். பருப்பு வாங்கப் போய்ப் பொட்டுக்கடலையோடு வந்த கதையாகிவிடும்.

மானியமும் வரியும்

மத்திய அரசு 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் விதிப்படி, சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு விலையில் பாதி, மற்றவர்களுக்கு நூற்றுக்கு நாற்பது, இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. இந்த உச்சவரம்பை மறந்துவிட்டுப் ‘பாதி விலை’ என்று மனக்கணக்குப் போடுபவர்கள் பில்லைப் பார்த்ததும் கடையிலிருந்து மீதியை எடுக்கிறார்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் உங்களுக்கு எவ்வளவு என்று விசாரித்து, மீதித் தொகையை முதலில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் டில்லருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல செய்தி. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பில் வாங்கினால் அந்த வரியை வரவு எடுத்துக் கொள்ளலாம் என்று ஒரு பேச்சு நம்மிடையே உலவுகிறது. அது தவறு. சொந்த விவசாயத்துக்கும், வரி விலக்குள்ள உழவு வாடகைக்கும் பயன்படும் பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. எடுத்தால் பின்னால் வட்டியோடு திருப்பிக் கட்ட நேரும்.

2020 ஜூலையில் மத்திய அரசு டில்லர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. உரிமம் கேட்பவரிடம் பயிற்சி தரவும், விற்ற பிறகு பழுது பார்க்கவும், உதிரி பாகம் கொடுக்கவும் வசதி இருக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை. அரசே இறக்குமதியாளரிடம் கேட்டதை நாமும் விற்பனையாளரிடம் கேட்கலாமே? “பெல்ட் அறுந்தால் செஞ்சியில் கிடைக்குமா, திண்டிவனம் போக வேண்டுமா, சென்னைக்குச் சொல்லி அனுப்ப வேண்டுமா?” உழவு நாளில் மூன்று நாள் வண்டி நின்றால் அந்தப் பருவ வருமானமே போய்விடும்.

அந்த அன்பருக்கு என்ன ஆயிற்று?

நம் கடைக்கார அன்பர் கடனுக்கு உழுது கொடுத்தார். ஊரில் எல்லாரும் மளிகைப் பாக்கி வைத்திருப்பவர்கள்தான். உழவு வாடகையையும் அதே பேரேட்டில் அதே பக்கத்தில் எழுதினார். பாக்கி ஏறியதும் சிலர் அவர் கடைப் பக்கம் வருவதையே நிறுத்தினார்கள். சர்க்கரை இல்லை என்று திரும்பிப் போனவர்கள் அடுத்த கடையில் பருப்பையும் சேர்த்து வாங்கிக் கொண்டார்கள். டில்லர் நன்றாகத்தான் ஓடியது. கடைதான் நின்றது.

இதில் என் தவறும் உண்டு. பழகியவர் என்று முப்பது நாள் தவணையைத் தொண்ணூறு நாளாக நீட்டிக் கொடுத்தேன். உதவி செய்வதாக நினைத்தேன். உட்கார்ந்து ஒரு மணி நேரம் கணக்குப் போட்டிருந்தால் அதுதான் உதவி. நான் கொடுத்த தவணை அவருக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது பருவத்தில் ஒரு வழி செய்தார். பக்கத்துக் கழனிக்காரர் இருவரைப் பங்கு சேர்த்துக் கொண்டார். ஆளுக்கு ஒரு பங்கு பணம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவருடைய மகன் கூலிக்கு வண்டி ஓட்டுகிறான். உழவுக்குத் தனி நோட்டு, பாதி வாடகை முன்பணம். வந்த பணத்தை அவர் சரக்கில் போட்டார். இப்போது வாரம் எட்டு மூட்டை அரிசி எடுக்கிறார். பழைய பத்து மூட்டை இன்னும் வரவில்லை. போன வாடிக்கை அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை.

ராஜகிரிக் கோட்டையின் அடிவாரத்தில் உள்ள பெரிய நெற்களஞ்சியத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை இது. உள்ளே இருப்பு இல்லாமல் எந்தக் கோட்டையும் தாங்காது. மளிகைக்காரருக்குக் கடைச் சரக்குதான் அந்தக் களஞ்சியம்.

என் யோசனை

டில்லர் வாங்க நினைப்பவர் முதலில் ஒரு பருவம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கட்டும். அரசின் உழவன் செயலி மூலம் வேளாண் இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்ய வழி இருக்கிறது. எத்தனை மணி ஓடியது என்று நோட்டில் எழுதட்டும். சொந்த நிலமும் உறுதியான வாடிக்கையும் சேர்ந்து முந்நூறு மணி நேரத்தை எட்டாவிட்டால் தனியாக வாங்க வேண்டாம், இருவர் மூவராகச் சேர்ந்து வாங்கட்டும். எப்படி வாங்கினாலும் கடைப் பணத்தைத் தொடாமல், விவசாயக் கடனாகத் தனியே வாங்கட்டும். ஓட்டுபவருக்கு ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பின்னுக்கு எடுக்கும்போது கத்தியின் சுழற்சியை நிறுத்தாமல் எடுக்கவே கூடாது. கத்திக்கும் கால்களுக்கும் இடையில் தூரம் மிகக் குறைவு.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாடிக்கைக் கடையின் சிட்டை திடீரென்று இளைத்தால் தவணையை நீட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். நம் சங்கமும் உழவுப் பருவத்துக்கு முன் வேளாண்மைப் பொறியியல் துறையினரை ஒரு மாதக் கூட்டத்துக்கு அழைத்து, மானியம், வாடகை, பழுது பார்ப்பு பற்றி உறுப்பினர்கள் நேரில் கேட்க ஏற்பாடு செய்யலாம். ஒரு டீ செலவில் முடியும் காரியம். அதனால் ஒரு கடையின் கைமுதல் மிஞ்சினாலும் லாபமே.