இரைச்சல் எங்கிருந்து வருகிறது?



2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது தொலைபேசித் தொடர்புகள் அறுந்து போயின. இன்று ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்படும் போர்ட் பிளேரில், அமெச்சூர் வானொலிப் பணிக்காக முன்னரே வந்து தங்கியிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் தம் கருவிகளின் வாயிலாகத் தீவுகளின் செய்திகளை வெளியுலகிற்கு அனுப்பினர். தொலைவிலிருந்து வரும் அத்தகைய மெல்லிய குரலைக் கேட்க நல்ல கருவி மட்டும் போதுமா? கேட்பவர் இல்லத்தில் மின் இரைச்சலும் அடங்கியிருத்தல் வேண்டும்.

இந்த இரைச்சலுக்கு எவர் காரணம்? பெரும்பாலும் நம் வீடேதான்! எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், சூரிய மின்சார இன்வெர்ட்டர் ஆகியவற்றுள் பல, மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி இயங்குகின்றன. அவ்வெட்டுகளே வானொலி அலைகளாகக் கசிகின்றன.

இதனைக் கண்டறிய எளிய வழி உண்டு. வானொலிக் கருவியை 12 வோல்ட் பேட்டரியில் இயக்கிக்கொண்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து விடுங்கள். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்பது தெளிவு. பின்னர் ஒவ்வொரு பொருளாக இயக்கிப் பாருங்கள். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்த சிறிய டிரான்சிஸ்டரை அருகில் கொண்டு சென்றால், அதுவே ஆளைக் காட்டிக் கொடுக்கும்.

அடுத்து, இரைச்சல் வரும் பாதையை அடைக்க வேண்டும். ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கோ-ஆக்சியல் கேபிளின் உட்புறமே சமிக்ஞைக்குரிய வழி. ஆயினும் அதன் பின்னல் உறையின் வெளிப்புறத்திலும் வேண்டாத மின்னோட்டம் பாய்வதுண்டு. கேபிளைப் பெரைட் வளையத்தில் பல சுற்றுகள் சுற்றி, ஆன்டெனாவுடன் இணையுமிடத்தில் அமைத்தால் அவ்வோட்டம் தடைப்படும். சிற்றலைக்கு '31' வகைப் பெரைட் ஏற்றது. சுற்றுகளை இரட்டித்தால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும்; ஒரே ஒரு முறை நுழைத்தால் 7 மெகாஹெர்ட்சில் அதிகப் பயன் இராது. இரைச்சல் எழுப்பும் சார்ஜரின் கம்பிக்கும் இதுவே மருந்து. ஆன்டெனாவை வீட்டிலிருந்து விலக்கி உயரத்தில் கட்டுவதும் நலம். எர்த் இணைப்பு பாதுகாப்பிற்கு இன்றியமையாததே. ஆனால் அது மட்டுமே இரைச்சலைப் போக்கி விடாது.

இனி, மறுபுறத்தையும் எண்ணிப் பார்ப்போம். நாம் பேசும் பேச்சு அண்டை வீட்டாரின் ஒலிபெருக்கியில் கேட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்? அவருடைய கருவியே தரமற்றதாயிருக்கலாம். எனினும் அதைச் சொல்லிக் காட்டுவதால் பயனில்லை, சச்சரவே வளரும். எந்த நாள், எந்த நேரம், எந்த அலைவரிசை என்று குறித்துக்கொண்டு, அவருடைய இசைவுடன் அவர் ஒலிபெருக்கிக் கம்பியிலும் ஒரு பெரைட் வளையத்தைச் சுற்றிக் கொடுக்கலாம். அத்துடன், 100 வாட்டை 25 வாட்டாகக் குறைத்தாலும், கேட்பவரின் அளவுமானியில் ஒரே ஒரு படிதான் இறங்கும். தேவைக்கு மேல் ஆற்றலைச் செலவிடுவானேன்?

பேசும் கருவியைப் பணம் கொடுத்து வாங்கி விடலாம். கேட்பதற்குரிய அமைதியையோ நாமேதான் உழைத்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஆபத்து வேளையில் ஒருவர் அழைக்கும் குரல் நம் வீட்டுச் சார்ஜரின் இரைச்சலில் மூழ்கிவிடக் கூடாதல்லவா?