முதலில் உறுதியைக் கொடுங்கள், பிறகு ஹோம்ஸ்டே பற்றிக் கதையுங்கள்



பாடசாலை விடுமுறையில் காலிக் கோட்டைக்குள் ஒரு குடும்பத்தின் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தோம். முன்னறையில் நாங்கள், பின்பக்கம் வீட்டுக்காரர். காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் அவர்களுடைய அடுப்பிலிருந்தே வந்தன. இதைச் சொன்னதிலிருந்து ஊரில் பலரும் ஒரே கதைதான்: "பார்த்தீங்களா சேர், காலி ஆட்கள் எப்படிப் பிழைக்கிறாங்க! நம்ம தோட்டத்து ஆட்களுக்கு அந்த எண்ணமே வராது."

இது அநியாயமான பேச்சு. ஏன் என்று சொல்கிறேன்.

காலிக் கோட்டை போர்த்துக்கேயர் 1588 இல் தொடங்கி, 1640 இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்த கோட்டை. 1988 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் மீரான் ஜும்ஆப் பள்ளி நிற்கிறது. சுற்றியுள்ள தெருக்களில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்கின்றன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிநாட்டவர்கள் பழைய வீடுகளை வாங்க வந்தபோது சிலர் விற்றார்கள். சிலர் விற்காமல் இரண்டு அறைகளை ஒதுக்கி விருந்தினரை வைத்தார்கள். இரண்டுமே அவர்கள் எடுத்த முடிவு. ஏனென்றால் காணி உறுதி அவர்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது.

இப்போது நம் பக்கம் வாருங்கள். சுற்றுலாப் பயணி வராத இடமா இது? கித்துல்கலவில் களனி கங்கையில் படகோட்ட வருகிறார்கள். பின்னவலவுக்கு யானை பார்க்க வருகிறார்கள். இரத்தினபுரிப் பாதையால் சிவனொளிபாத மலை ஏறுகிறார்கள். வழியெல்லாம் தேயிலையும் றப்பரும்தான். அந்தத் தோட்டத்தில் ஒரு குடும்பம் ஓர் அறையை விருந்தினருக்கு விட நினைத்தால் எந்த அறையை விடும்? இருப்பதே ஒரு லயத்துக் காம்பரா. கூரைத் தகரம் மாற்றவும் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். வங்கியில் கடன் கேட்டால் உறுதி எங்கே என்பார்கள். சுற்றுலா அதிகாரசபையில் பதியப் போனால் வீடு யாருடையது என்ற கேள்வி வரும். என்ன பதில் சொல்வது? என் வகுப்புப் பிள்ளைகளின் தாத்தாவும் அதே லயத்தில்தான் பிறந்தார்.

1948 இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1972 இலும் 1975 இலும் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. 2023 இல் "மலையகம் 200" என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். கைமாறிய ஒவ்வொரு தடவையும் காணி யாருக்கோ போனது, லயத்தில் இருப்பவர் பெயருக்கு வரவில்லை. சில இடங்களில் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்பின. நல்லது. ஆனால் நம்மைச் சுற்றி இன்னும் லயங்கள்தானே நிற்கின்றன?

பங்களாவைப் பாருங்கள். 2005 இல் காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கம் தொரைமார் பங்களாக்கள் சொகுசு விடுதிகளாயின. தோட்டத்தின் வரலாற்றைப் பார்க்க வெளிநாட்டவர் காசு கொடுக்கிறார்கள். அந்த வரலாற்றைக் கொழுந்துக் கூடையோடு சுமந்தவர்களுக்கு அங்கே கிடைப்பது, கிடைத்தால், சமையலறை வேலை.

"உறுதி கொடுத்தால் வித்துக் குடிச்சிடுவாங்க" என்று ஒரு வாதம் உண்டு. காலியில் சிலர் விற்றார்களே, அதற்காகக் காலி மக்கள் எல்லோருடைய உறுதியையும் பறிக்கச் சொன்னோமா? நம் சொந்தக் காணியை நாம் விற்றால் அது வியாபாரம், அவர்கள் விற்றால் ஊதாரித்தனமா?

"அது தோட்டத்துப் பிரச்சினை, நமக்கென்ன?" என்பவர்களுக்கும் ஒன்று. நம் டவுன் கடைகளில் பாதி, தோட்டத்துச் சம்பள நாளைப் பார்த்தே திறந்திருக்கின்றன. அவர்கள் கடன் கொப்பியில் நாம் வாழ்ந்துகொண்டு, அவர்களுக்கு முயற்சி இல்லை என்று பேசுவது நன்றியல்ல.

சுயதொழில், ஹோம்ஸ்டே பயிற்சி என்று பெனர் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் வரட்டும். பிரதேச சபைக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களும் வரட்டும். அவர்களிடம் பள்ளி நிர்வாகமும் கோயில் சபையும் சேர்ந்து ஒரே கேள்வி கேட்போம்: இந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பத்துக்கு, எந்தத் திகதிக்குள், அவர்கள் பெயரிலேயே உறுதி?