சுங்கம் மட்டும் வாங்கினால் போதுமா?

ஓர் ஊர் வளர வேண்டுமென்றால் ஆலை வர வேண்டும். ஆலையைக் கொண்டுவருவது கோட்டையின் வேலை. பேரூராட்சியும் நகராட்சியும் குப்பையை அள்ளி, குழாயில் தண்ணீர் விட்டு, தெருவிளக்கை எரியவைத்தால் போதும். தேநீர்க்கடைப் பேச்சு முதல் தொலைக்காட்சி விவாதம் வரை இதை மறுத்துப் பேசுபவர் அரிது. சாக்கடை அடைத்துக்கொண்டால் கவுன்சிலரைத் தேடிப் போகிறோம். கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏன் மூடுகிறது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை, அது தன் பொறுப்பு என்று அவரும் நினைப்பதில்லை. இந்த நம்பிக்கை தவறானது. அதைவிட, சிறு வணிகம் செய்து பிழைப்பவர்களுக்குக் கேடு செய்வது. ஏனென்றால் உள்ளாட்சிகள் ஊர்ப் பொருளாதாரத்தில் அன்றாடம் கைவைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதைப் பொருளாதார வேலை என்று நாம் எண்ணாததால், அதற்குக் கணக்குக் கேட்பாரில்லை.

ஒரு சிறிய பேரூராட்சியின் அதிகாரம் எங்கெல்லாம் நீள்கிறது என்று பாருங்கள். வாரச்சந்தை கூடும் இடம் அதனுடையது. தினசரி மார்க்கெட், பேருந்து நிலையக் கடைகள், இருசக்கர வாகன நிறுத்தம், கட்டணக் கழிப்பறை எல்லாம் அதன் சொத்து. கடைக்கு உரிமம் தருவதும், வணிகக் கட்டடத்துக்குச் சொத்து வரி போடுவதும், தொழில் வரி வாங்குவதும், ஆக்கிரமிப்பு என்று சொல்லித் தள்ளுவண்டியைத் தூக்கிச் செல்வதும் அதுதான். இவற்றில் சந்தை ஏலத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் விடுகிறார்கள். அதிகத் தொகை கேட்டவருக்குக் குத்தகை. போன முறையைவிடத் தொகை கூடியிருந்தால் மன்றத்தில் அது சாதனையாகப் பேசப்படுகிறது. கூடிய தொகை எங்கிருந்து வரும்? குத்தகைதாரர் தன் கையிலிருந்து தரப்போவதில்லை. ஒரு கூடை கீரையோடு தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடமிருந்தும், சாக்கு விரித்து வெங்காயம் கொட்டியிருப்பவரிடமிருந்தும்தான் அது வந்தாக வேண்டும். மன்றம் தீர்மானித்த கட்டணம் எவ்வளவு என்று பலகை இல்லாத சந்தையில், ரசீது தராத வசூலில், கேட்டதுதான் கட்டணம். அப்படி வசூலான பணத்தில் சந்தைக்கு மேற்கூரையோ, குடிநீரோ, பெண்களுக்குக் கழிப்பறையோ வந்ததா என்று பார்த்தால், மழை பெய்தால் சேற்றில் கடை விரிக்கும் சந்தைகள் இன்னமும் ஏராளம். ஏழை வியாபாரியிடம் வாங்கி, அவருக்குத் திரும்பத் தராமல் பொதுச் செலவில் கரைப்பது ஒரு பொருளாதாரக் கொள்கைதான். யாரும் விவாதித்து ஏற்காத கொள்கை என்பதுதான் அதன் குறை. பேருந்து நிலையக் கடைகளிலும் இதே கதை. ஏலம் எடுத்தவர் ஒருவர், உள்வாடகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர். நகராட்சிக்குப் போவதற்கும் கடைக்காரர் கொடுப்பதற்கும் இடையிலுள்ள தொகை, எந்த உழைப்புமில்லாமல் நடுவிலிருப்பவருக்குப் போகிறது.

இது எத்தனை பேரின் பிழைப்பு என்பதையும் சொல்ல வேண்டும். தேசிய மாதிரி ஆய்வின் 73ஆம் சுற்று (2015-16) தமிழ்நாட்டில் 49.48 லட்சம் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் இருப்பதாகவும், அவற்றில் 96.73 லட்சம் பேர் வேலை செய்வதாகவும் மதிப்பிட்டது. ஒரு தொழிலுக்குச் சராசரியாக இரண்டு பேர். அதாவது கணவனும் மனைவியும் நடத்தும் இட்லிக்கடை, முதலாளியும் ஒரு பையனும் இருக்கும் பஞ்சர் கடை. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் ஆறரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அது தலைப்புச் செய்தியானதில் தவறில்லை. கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேருக்குச் சோறு போடும் தொழில்களின் நிலைமை ஒரு மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில்கூட ஏறாமல் போவதுதான் தவறு.

ஆலை தரும் ஊதியத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் தள்ளுவண்டி தருமா என்று கேட்பார்கள். தராது. ஆலைகள் வேண்டும், இன்னும் பரவலாக வேண்டும். ஆனால் ஆலையை மட்டும் நம்பிய ஊரின் கதையையும் நாம் பார்த்துவிட்டோம். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை, உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேருக்கு நேரடியாக வேலை கொடுத்தது. வரி வழக்கில் சிக்கி, தொழிலை வாங்கிய நிறுவனத்திடம் போய்ச் சேர முடியாமல், 2014 நவம்பரில் மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு நிறுவனம் 2021இல் வெளியேற்றத்தை அறிவித்து, மறு ஆண்டு உற்பத்தியை நிறுத்தியது. அந்த முடிவுகள் எடுக்கப்பட்ட மேசைகளில் அந்தந்த ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. ஊர்ச்சந்தையைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் மேசையில் நாமே தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் கைக்கு எட்டும் முடிவை விட்டுவிட்டு எட்டாத முடிவுக்காகக் காத்திருப்பதை வளர்ச்சிக் கனவு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் இந்த நம்பிக்கைக்கு அங்கேயும் இடமில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள், பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்குமான திட்டங்களைத் தீட்டும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு மாநிலங்கள் தரலாம் என்கின்றன. ஊராட்சிகளுக்கான 29 பொருள்களில் சிறுதொழிலும் குடிசைத் தொழிலும் சந்தையும் உண்டு. நகரங்களுக்கான 18 பொருள்களில் பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதல் மூன்றாவதாக நிற்கிறது. இது புதிய சிந்தனையும் இல்லை. சென்னை மாநகராட்சி 1900இல் மூர் மார்க்கெட்டைத் திறந்தது, கடைக்காரர்களுக்கு ஒழுங்கான இடம் தருவது மாநகராட்சியின் பொறுப்பு என்ற எண்ணத்தில்தான்.

நடைபாதைக் கடைகளைப் பற்றிய ஆட்சேபம் பலமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நடக்க இடமில்லாமல் முதியவர்களும் குழந்தைகளும் சாலையில் இறங்கி நடக்கும்போது, தெருவியாபாரியின் உரிமையைப் பற்றிப் பேசுவது நியாயமா? இந்தக் கேள்விக்கு 1989இலேயே உச்ச நீதிமன்றம் சோதன் சிங் வழக்கில் பதில் சொன்னது: தெருவில் வியாபாரம் செய்வது அடிப்படை உரிமை, அதை முறைப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அந்த முறைப்படுத்தலுக்காக வந்ததுதான் 2014ஆம் ஆண்டின் தெருவியாபாரிகள் சட்டம். ஒவ்வொரு நகரிலும் விற்பனைக் குழு அமைய வேண்டும், அதன் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் தெருவியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. எந்தத் தெருவில் விற்கலாம், எங்கே கூடாது, எந்த நேரத்தில் விற்கலாம் என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசி வரையறுக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. நடப்பவருக்கும் விற்பவருக்கும் இடையிலான தகராறு தீராமல் இருப்பது, அந்தப் பேச்சு உருப்படியாக நடக்காத ஊர்களில்தான். அங்கே வண்டி வருகிறது, தராசும் கூடையும் அள்ளப்படுகின்றன, இரண்டு நாளில் அதே இடத்தில் கடை திரும்ப முளைக்கிறது. நடப்பவருக்கும் இடம் கிடைப்பதில்லை, வியாபாரிக்கும் நிம்மதி இல்லை.

கணக்கெடுப்பு என்பது வெறும் காகித வேலை என்று நினைப்பவர்கள் 2020 ஜூனில் தொடங்கிய பிஎம் ஸ்வநிதி கடனை நினைத்துப் பார்க்கலாம். பிணையில்லாமல், முதல் தவணையாகத் தொடக்கத்தில் 10,000 ரூபாய் தரப்பட்டது. அதை வாங்க, விற்பனைச் சான்றோ உள்ளாட்சியின் அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். ஊரடங்கில் முதலை இழந்து நின்ற ஒருவர் வங்கிக்குப் போவாரா, மீட்டர் வட்டிக்காரரிடம் போவாரா என்பதை அந்த ஊர் நகராட்சி அதற்கு முன்பே கணக்கெடுத்திருந்ததா என்பதும் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003இலேயே சட்டம் வந்துவிட்டது. நகராட்சி எழுத்தர் நிரப்ப வேண்டிய ஒரு பதிவேடு நிரம்பாமல் கிடந்தால் அந்தச் சட்டம் மட்டும் என்ன செய்யும்? கடனுக்குப் பரிந்துரைக்க மாவட்டத் தொழில் மையம் இருக்கிறதே என்பார்கள். அது மாவட்டத் தலைநகரில் இருக்கிறது, திட்ட அறிக்கை கேட்கிறது. கீரை விற்பவருக்கு முதலில் வேண்டியது விரட்டப்படாத நாலடி இடம். அதை உள்ளாட்சியைத் தவிர வேறு யாராலும் தர முடியாது.

பணம் எங்கே என்ற கேள்வியில் உண்மை இருக்கிறது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்ற உச்சவரம்பு 1988இல் வைக்கப்பட்டது, விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறிய பிறகும் அது அப்படியே இருக்கிறது. மாநில அரசுகளும் அதிகாரத்தைத் தந்த அளவுக்கு நிதியைத் தரவில்லை. ஆனால் கட்டணப் பலகை வைக்கவும், ரசீது கட்டாயமாக்கவும், உள்வாடகையை ஒழிக்கவும், விற்பனைக் குழுவைக் கூட்டவும் பெரிய நிதி வேண்டாம். திறமை இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. 2013இல் மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கொண்டு சென்னை முழுதும் ஒரு ரூபாய் இட்லி விற்கும் உணவகங்களை நடத்தத் தொடங்கியது மாநகராட்சிதான். ஆலந்தூர், நகராட்சியாக இருந்த காலத்தில், வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை வாங்கிப் பாதாளச் சாக்கடைத் திட்டத்தை நிறைவேற்றியது. எதற்கு என்று தெரிந்தால் மக்கள் உள்ளாட்சியை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள்.

வெளியூர் அனுபவங்களும் இதையே சொல்கின்றன. கேரளம் 1996இல் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. 1998இல் உருவான குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் அந்த உள்ளாட்சிகளோடு இணைந்தே வளர்ந்தன. இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரம் 70 கோடி பவுண்டு வணிக வளாகத் திட்டத்தை நம்பியிருந்தது, 2011இல் அது கைவிட்டுப்போனது. நகர மன்றம் அடுத்த முதலீட்டாளருக்காகக் காத்திருக்கவில்லை. தன்னைப் போன்ற பொது நிறுவனங்கள் வாங்கும் பொருளும் சேவையும் எந்த ஊரிலிருந்து வருகின்றன என்று கணக்கெடுத்து, அவற்றையும் சேர்த்துக்கொண்டு கொள்முதலைத் திருத்தியது. அந்த நிறுவனங்கள் நகருக்குள் செலவழித்தது 2012-13இல் 3.8 கோடி பவுண்டு. நான்கே ஆண்டுகளில் அது 11.1 கோடி ஆனது. துடைப்பம், குழாய், அச்சு வேலை, மேசை நாற்காலி என்று நம் நகராட்சிகளும் ஆண்டு முழுக்க வாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. எங்கிருந்து என்று அவை பட்டியலிட்டதுண்டா?

கடைசியாக ஊழல். கவுன்சிலர்கள் கையில் இதையெல்லாம் கொடுத்தால் கடைக்குக் கடை மாமூல் வாங்குவார்கள் என்ற அச்சம் பொய்யில்லை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாமலும் பார்த்துவிட்டோம். தமிழ்நாட்டு நகரங்கள் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தனி அலுவலர்களின் கீழ் இருந்தன. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளும் அவர்கள் கைக்குப் போயின. அந்த ஆண்டுகளில் ஏலம் நின்றதா, தள்ளுவண்டி தூக்குவது நின்றதா? அதிகாரம் அப்படியே இருந்தது, கேள்வி கேட்கக் கூடிய முகம் மட்டும் காணாமல் போனது. குப்பை அள்ள யாராக இருந்தால் என்ன என்று நாம் நினைத்ததால்தான் அத்தனை ஆண்டுகள் பெரிய எதிர்ப்பில்லாமல் கழிந்தன. கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சந்தை எவ்வளவுக்கு ஏலம் போனது, அதில் எவ்வளவு சந்தைக்குத் திரும்பியது, தீர்மானித்த கட்டணம் என்ன என்று அங்கே கேட்கலாம். நகரங்களில் கடை எண் வாரியாகக் குத்தகைதாரர் பட்டியலையும், விற்பனைக் குழு கடைசியாகக் கூடிய தேதியையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம்.